நெத்திலியின் பங்காளியும் இளஞ்சிவப்புக் குழாயும்

பெரு நாட்டுக் கரையை ஒட்டி ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. அடியில் தங்கியிருந்த நைட்ரேட்டும் கூடவே வருகிறது. வெயில் படும் மேல்நீரில் நுண்பாசிகள் அதை உண்டு பெருகும். அந்த மேய்ச்சலில் கொழுப்பது அஞ்சோவெட்டா என்ற மீன், நம் நெத்திலியின் பங்காளி. அதை வேகவைத்துப் பிழிந்து, உலர்த்தி அரைத்தால் மீன்தூள். மீன்தூள் வணிகத்தில் பெருதான் முன்னணி. அலங்கார மீன்களுக்கு நாம் தூவும் பல தீனிகளில் இந்த மாதிரித் தூள்தான் புரதம்.

அந்தப் புரதத்திலுள்ள ஒரு நைட்ரஜன் அணுவைப் பின்தொடர்வோம். உப்புநீர்த் தொட்டியில் ஒரு கோமாளி மீன் தீனியைக் கவ்வுகிறது. உடம்பில் தங்காத நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. தின்னாத தீனி பாறையிடுக்கில் அழுகினாலும் அம்மோனியாதான், அதுவும் விஷம். அதை நைட்ரைட்டாக்குவது ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது பெரும்பாலும் வேறொரு கூட்டம்.

கடலில் பவளப்பாறைகளைச் சுற்றிய நீரில் நைட்ரேட் பொதுவாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. தொட்டியில் அதற்குப் போக்கிடம் குறைவு. ஆக்சிஜன் எட்டாத பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் கொஞ்சத்தை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். மீதி சேர்ந்துகொண்டே போகும். பாசி படரும், பவளம் பழுப்பேறும். அப்போதுதான் நாம் டெஸ்ட் கிட்டைத் தேடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டு உபயோகக் கிட் நைட்ரேட்டை நேராகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அதிலுள்ள துத்தநாகத் தூள், நைட்ரேட்டிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்து மறுபடி நைட்ரைட்டாக்குகிறது. பாக்டீரியா பாடுபட்டுச் செய்ததை ஒரு சிட்டிகைத் தூள் கலைத்துவிடுகிறது. அந்த நைட்ரைட்டை இளஞ்சிவப்புச் சாயமாக்கும் வினையை 1879-இல் வெளியிட்டவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் பீர் ஆலை வேதியியலாளராக இருந்தவர்.

இது தெரிந்தால் கிட்டின் குறைகளும் புரியும். தூள் புட்டியின் அடியில் படிந்திருந்தால் அளவு பொய்யாகக் குறையும். அதனால்தான் நன்றாகக் குலுக்கச் சொல்கிறார்கள். தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதுவும் நிறம் தரும், அளவு பொய்யாக ஏறும். ஆகவே முதலில் நைட்ரைட்டைச் சோதிப்பது நல்லது. சில கிட்கள் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். நைட்ரேட்டின் அளவு தெரிய அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்க வேண்டும்.

அளவு மிகுந்த தொட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்ண அட்டையின் கடைசிக் கட்டம் சிலவற்றில் 100, சிலவற்றில் 160. நிறம் அதைத் தொட்டுவிட்டால் உண்மை அளவு 170-ஆ 400-ஆ என்று அட்டை சொல்லாது. பாதித் தண்ணீரை மாற்றிய பிறகும் நிறம் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு பங்கு தொட்டி நீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

உப்புக் கரைக்கும் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. பவளத்துக்கு அது மிக அதிகம்.