பண்ணையாள் எப்படிக் கூலியாள் ஆனார்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். பாகப்பிரிவினைப் பத்திரங்கள் மட்டும் ஒரு கட்டு, எல்லாமே 1959-ம் வருஷம். அண்ணன் தம்பிக்குள் சண்டை ஏதும் இல்லை, ஒரே அடுப்புதான் எரிந்தது என்று அத்தை சொல்கிறார். பிறகு எதற்கு அவசர அவசரமாகப் பாகம் பிரித்தார்கள்?

பதில் நாகபுரியில் இருக்கிறது. 1959 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, நில உச்சவரம்புச் சட்டங்களை அந்த வருஷக் கடைசிக்குள் மாநிலங்கள் முடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தஞ்சாவூர் மிராசுதாரர்களில் பாதிப் பேர் காங்கிரஸ்காரர்கள். அவர்களுக்கு இது பேப்பரில் படித்துத் தெரியவேண்டிய சேதி இல்லை.

ஆனால் கதையை 1952-லிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. பொதுத்தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் பலம் காட்டியிருந்தார்கள். அவர்களை முதல் எதிரி என்று வெளிப்படையாகவே சொன்ன ராஜாஜி முதலமைச்சர். அவரே ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40, பண்ணையாளை நினைத்தபோது விலக்கக்கூடாது, தகராறு வந்தால் தீர்த்துவைக்க அதிகாரி. செங்கொடி வயலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை என்று நான் நினைக்கிறேன். தவிர்க்கப் பார்த்தது மிராசுதாரர் மட்டும் இல்லை, அரசாங்கமும்தான்.

சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலத்துக்கு, மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். அப்புறம் என்ன, வேலி வேலியாகப் பெயர் மாறியது. அதைவிடச் சுலபமான வழி இன்னொன்று: 'நீ இனிமே பண்ணையாள் இல்லப்பா, வேலை இருந்தா கூப்பிடுறேன், வா'. அவ்வளவுதான். சட்டம் பாதுகாத்தது பண்ணையாளை. தினக்கூலிக்கு அதில் இடமே இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுப்பட்டுக் கிடந்தவருக்கு விடுதலை கிடைத்தது, கூடவே வருஷம் முழுக்க இருந்த வேலையும் போயிற்று. அடிமைத்தனம் போனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எந்த வழியாகப் போனது என்பதைச் சொல்கிறேன்.

குத்தகையிலும் இதே கதை. எழுத்தே கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. 'சொந்த சாகுபடி பண்ணப்போறேன்' என்று சொல்லி நிலத்தைத் திருப்பி வாங்கினார்கள். இதையெல்லாம் தடுக்கக் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது 1969-ல். பதினேழு வருஷம் தாமதம்.

உச்சவரம்புச் சட்டம் 1961-ம் வருஷத்தின் 58-வது சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். சட்டம் 1960 ஏப்ரல் 6-லிருந்து செல்லும் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு, 1962 அக்டோபர் 2-க்குள் நடந்த கைமாற்றங்கள் சட்டத்தை ஏய்ப்பதற்காக என்று தெரிந்தால் ரத்து செய்யலாம். அதற்கு முன்னால் நடந்தவை? கேட்பார் இல்லை. தாத்தாவின் பத்திரங்கள் ஏன் 1959 என்று இப்போது புரியும். இது போதாதென்று சமய அறக்கட்டளைக்கு விலக்கு, தோப்புக்கு விலக்கு. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. ஜூனில் 17-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. 1970-ல் வரம்பு 15 ஏக்கராகக் குறைந்தது. அதற்குள் பெரிய பண்ணைகள் காகிதத்தில் சின்னதாகிவிட்டிருந்தன.

ஏய்க்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கூலி உயர்வு கேட்டார்கள். கீழத்தஞ்சையில் நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். அந்தத் தகராறு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் எரித்ததில் போய் முடிந்தது. நியாயக் கூலிச் சட்டம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

பெட்டியின் அடியில் இன்னொரு கட்டு இருந்தது. எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர் பேரில் ஐந்து ஏக்கர், அதுவும் 1959. அதோடு சேர்த்துக் கட்டி ஒரு முத்திரைத்தாள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை மட்டும். எப்போது வேண்டுமானாலும் மேலே எழுதி நிரப்பிக்கொள்ளலாம்.

அவருடைய பேரன் இப்போது மினி லாரி ஓட்டுகிறார். எனக்கு ஒரு வயது மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அறுவடை சமயத்தில் எங்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போவது அவர் வண்டிதான். தன் தாத்தா பேரில் ஒருகாலத்தில் நிலம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தாளை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் காட்டவில்லை.