வீட்டுக்கே வரும் நன்கொடைக் கடிதம்: பணம் மட்டும்தான் நோக்கமா?

அறிமுகமே இல்லாத ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து தபால் வருகிறது. உள்ளே ஒரு குழந்தையின் படம், இரண்டு பக்கக் கடிதம், பதில் அனுப்ப ஒரு கவர். சிலர் படிப்பார்கள், பலர் அப்படியே குப்பையில் போடுவார்கள். 'இதுக்கு ஆகுற செலவை அந்தக் குழந்தைக்கே கொடுத்திருக்கலாமே' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

நியாயமான கேள்விதான். பதிலுக்கு 1938-ம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

வெள்ளை மாளிகையில் குவிந்த காசுகள்

அப்போது போலியோ என்றாலே பெற்றோர்களுக்கு நடுக்கம். அதிபர் ரூஸ்வெல்ட்டே 1921-ல் அந்த நோய் தாக்கி நடக்க முடியாமல் போனவர். நோயை எதிர்கொள்ள அவர் தொடங்கிய அமைப்புக்காக, எட்டி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஆளுக்கு ஒரு 'டைம்', அதாவது 10 சென்ட் காசை, நேராக அதிபருக்கே தபாலில் அனுப்புங்கள்.

அவ்வளவுதான். வெள்ளை மாளிகையின் தபால் அறை மூட்டைகளால் நிரம்பியது. அரசுக் கடிதங்களையே அந்தக் குவியலுக்குள் தேட வேண்டிய நிலை. வந்து சேர்ந்தவை 26 லட்சத்து 80 ஆயிரம் காசுகள், அதாவது 2 லட்சத்து 68 ஆயிரம் டாலர்.

ஒரே ஒரு கோடீஸ்வரர் நினைத்தால்கூட இந்தத் தொகையைக் கொடுத்திருக்க முடியும். ஆனால் அவரால் லட்சக்கணக்கான குடும்பங்களை 'இது நம்ம வேலை' என்று நினைக்க வைத்திருக்க முடியாது. அதே அமைப்பின் பணத்தில்தான் பின்னர் ஜோனாஸ் சால்க் தடுப்பூசியை உருவாக்கினார். 1954-ல் அதைச் சோதித்துப் பார்த்தபோது பங்கேற்ற குழந்தைகள் சுமார் 18 லட்சம். பலன் தெரியாத ஊசிக்குப் பெற்றோர் சம்மதித்தார்கள் என்றால், அந்த நம்பிக்கையில் 16 வருடக் காசுக்கும் பங்கு உண்டு. தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரல் 12-ல் வந்தது.

முதல் கடிதத்தில் நஷ்டம்தான்

தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. புதியவர்களுக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் பெரும்பாலும் லாபமே கிடையாது. நூறு பேருக்கு அனுப்பினால் ஓரிருவர் பதில் போட்டாலே பெரிய விஷயம். அச்சுக்கூலி, தபால் செலவுக்கே அது சரியாகப் போய்விடும், சில சமயம் கைக்காசும் போகும்.

அப்புறம் ஏன் அனுப்புகிறார்கள்? அந்த ஓரிருவருக்காகத்தான். ஒரு முறை கொடுத்தவர் மறுபடியும் கொடுக்க வாய்ப்பு அதிகம். சிலர் ஆண்டுக்கணக்கில் கொடுப்பார்கள், சிலர் உயிலில்கூட எழுதி வைப்பார்கள். அரசு மானியமோ பெரிய நிறுவனத்தின் பணமோ நின்றுபோனாலும் அமைப்பைத் தாங்குவது இந்தப் பெயர்ப் பட்டியல்தான். காசு அனுப்பாதவரும் கடிதத்தைப் படித்தால், அந்த நோயையோ பிரச்னையையோ பற்றித் தெரிந்துகொள்கிறார்.

இந்தியாவில் கிரை அமைப்பு வேறு வழியில் போனது. 1979-ல் ரிப்பன் கபூரும் நண்பர்களும் 50 ரூபாயில் தொடங்கிய அது, வாழ்த்து அட்டை விற்றே வீடுகளுக்குள் நுழைந்தது. அட்டை வாங்கியவருக்கும் அதைத் தபாலில் பெற்றவருக்கும் குழந்தைகள் உரிமை பற்றிய செய்தி போய்ச் சேர்ந்தது.

பட்டியல் கைமாறினால்?

இதே பட்டியல்தான் ஆபத்தும். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில், பல ஆண்டுகள் தொண்டுக்காக நிதி திரட்டிய 92 வயது மூதாட்டி ஒருவர் 2015-ல் உயிரிழந்தார். மரணத்துக்குக் கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ஆனால் விசாரணையில் 99 அமைப்புகளிடம் அவரது விவரம் இருந்தது தெரியவந்தது. பல அமைப்புகளுக்கு அது மற்றவர்களிடமிருந்து கைமாறி வந்திருந்தது. கொடுக்கும் மனசு உள்ளவரைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். அதன் பிறகு 2016-ல் அங்கே நிதி திரட்டலுக்குத் தனி ஒழுங்காற்று அமைப்பு வந்தது. 'எனக்கு இனி அனுப்பாதீர்கள்' என்று பதிவு செய்யும் வசதி அடுத்த ஆண்டே தொடங்கியது.

உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால், பணம் அனுப்பும் முன் நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் அந்த அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். 80ஜி வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கணக்கில் சேராது. ரசீது கேட்டு வாங்குங்கள். கடிதமே வேண்டாம் என்றால், அந்தப் பதில் கவரிலேயே பெயரை நீக்கச் சொல்லி எழுதி அனுப்பலாம்.