மட்டக்களப்பு வாவிக்கரையின் வன்னிமைகளும் பற்றுகளும்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்தை இடைக்காலத்தில் வன்னியனார் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் ஆண்டனர்; அவர்களது பதவி வன்னிமை என்றும், நிலப்பிரிவு பற்று என்றும் வழங்கின. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கியிருக்க, மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலும் காடும் பரந்திருந்தமையால், இரு கரைகளையும் இணைத்து ஆள வல்லவரிடமே நெல்லும் அதிகாரமும் சேர்ந்தன.

இந்த ஒழுங்கின் தொடக்கத்தை மட்டக்களப்பு மரபு கலிங்க மாகனோடு இணைக்கிறது. 1215இல் படையெடுத்து வந்து பொலனறுவையைக் கைப்பற்றிய அம்மன்னனைச் சூளவம்சம் விகாரைகளை அழித்தவனாகக் காட்ட, எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமோ கோயில் ஊழியங்களையும் குடிகளின் உரிமைகளையும் வகுத்தவனாகப் போற்றுகிறது. மான்மியத்தின் ஆண்டுக்கணக்கை அப்படியே ஏற்பது தகாது; ஆயினும் அது விவரிக்கும் சமூக அமைப்பு பிற்காலம்வரை நிலைத்திருந்தமையால், அந்நூலைப் புறந்தள்ளிவிட்டு இப்பகுதியின் வரலாற்றை எழுத முடியாது.

வன்னிமைகளில் பெரும்பங்கு முக்குவரிடம் இருந்தது. அவர்களிடையே குடி, அதாவது தாய்வழியாகத் தொடரும் வம்சப் பிரிவு, ஒருவரின் உரிமையைத் தீர்மானித்தது. மரபுப்படி தலைமை மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனாகிய மருமகனுக்குச் சென்றது. இதற்கு மாறாக, தந்தைவழிப் பங்கீடு ஆட்சியைத் துண்டாக்கியதற்குப் போலந்து ஓர் எடுத்துக்காட்டு: அங்கு 1138இல் மன்னன் மூன்றாம் போலெஸ்வாவ் இறந்ததும் நாடு அவன் புதல்வர்களிடையே பிரிக்கப்பட, சிலேசியா, மசோவியா போன்ற பிரதேசங்கள் தனித்தனி ஆட்சிகளாயின. வாவிக்கரையிலோ, தந்தைவழிப் பங்கீட்டுக்கு இடமில்லாத மருமகன் உரிமை முறை, நிலத்தையும் பதவியையும் ஒரே குடியின் பிடியில் வைத்திருக்க உதவியது.

அதிகாரம் கண்ணுக்குப் புலப்பட்ட இடம் கோயில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம், மண்டூர் முருகன் ஆலயம், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் ஆகியவை ஓர் ஊருக்கு மட்டும் உரியவையாகாமல், பரந்த நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான தேசத்துக்கோயில்களாக விளங்கின. பூசை முடிந்து காளாஞ்சி வழங்குகையில் எந்தக் குடியின் பெயர் முதலில் அழைக்கப்படுகிறது என்பதை ஊரே உற்றுக் கவனிக்கும். முன்னீடு எனப்படும் அந்த முதலுரிமைக்காகப் பெரும் வழக்குகள் எழுந்தன. கோயில் நிதியையும் நிலத்தையும் பராமரித்த வண்ணக்கர், வயல்களை உடைமையாகக் கொண்ட போடியார் ஆகியோரும் இவ்வரிசைக்குள்ளேயே இடம்பெற்றனர்.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமானது. ஆங்கிலேயர் வன்னியனார் என்ற பெயரையே பிரிவுத் தலைமைக்காரருக்குச் சூட்டித் தமது நிருவாகத்தில் சேர்த்துக்கொண்டமையால், பட்டம் எஞ்சினாலும் தன்னுரிமை போயிற்று. பற்றுகள் நீடித்தன. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று முதலியன அதன் பக்கம் சென்றன. போரதீவுப்பற்றும் கோறளைப்பற்றும் ஏறாவூர்ப்பற்றும் இன்றும் மட்டக்களப்பின் பிரதேச செயலகப் பெயர்களாக வழங்குகின்றன.