கறுப்பு வெள்ளையில் கல்

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். ஓவிய வகுப்பில் கூஜா, பழம், பூச்சாடி ஆகியவற்றை மேசையில் வைத்து வரையச் சொல்வார்கள். அதற்கு 'நாத்யூர் மோர்த்' என்று பெயர். நேர்ப்பொருள், செத்த இயற்கை! புகைப்படக் கலை தவழத் தொடங்கியதும் இந்த அசையாப் பொருள்களில்தான். 1837-இல் தகேர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பவை சுண்ணச் சிற்பங்கள். அந்நாளில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். மனிதன் அசைவான், பொருள் அசையாது.

அப்படியானால் நம் கோயில்களைவிடப் பொறுமையாக நிற்பவர் யார்? 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கண்ட மெழுகுக் காகித நெகட்டிவ்தான் அவர் கருவி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைக் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்களை ஒட்டியதும் சுமார் 19 அடி நீளப் பட்டை கிடைத்தது. ஹுல்ட்ஷ் இக்கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 வருடம் முன்பே டிரைப் அவற்றைப் படமாக்கிவிட்டார்.

அக்கால ரசாயனத்துக்கு ஒரு குறை உண்டு. நீல நிறம் மட்டும் நன்றாகப் படியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்கள் கரிக்கட்டியாகவும் வரும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் தீட்டி மேகங்களை உண்டாக்கினார், இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். இன்று நாம் 'எடிட்டிங்' என்பதை அவர் அன்றே செய்தார்.

சிவப்பின் கதையும் இதுதான். எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் படத்தைப் பார்த்து, "பாட்டி ஏன் கறுப்புப் புடவை கட்டியிருக்காங்க?" என்று பேத்தி கேட்டாள். அது அரக்குப் பட்டு. பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது!

இங்கே காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைப் படமெடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மூன்றுதான். ஒன்று, உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாயும்போதுதான் மணற்கல்லில் உளிச் செதுக்கு எழும்பி வரும். இரண்டு, காமிராவைத் தாங்கியில் நிறுத்தி, துளையைச் சிறிதாக்கி, சிற்பத்தின் முகத்தில் ஃபோகஸ் வையுங்கள். வெளிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ராஜசிம்மன் காலத்து யாளி எங்கும் ஓடிவிடாது. மூன்று, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது 'கான்ட்ராஸ்ட்'டை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். நிழலுக்குள் இருக்கும் நகையும் விரலும் மறைந்து போகும்.

இதெல்லாம் அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1955-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் கோயில் சிலைகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்து வைத்தது. விருத்தாசலம் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீஸ்வரர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் நின்றபோது, அவர் நம்மவர் என்று காட்டிக்கொடுத்தது அந்தப் பழைய படமே. 2014-இல் சிலை திரும்பி வந்தது.

அப்படம் எடுத்தவர் விரிசலை மறைத்து, உடைந்த இடத்தை மெழுகி அழகுபடுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்தச் சிலை என்று அடையாளம் சொல்வதே கடினம். கல்லில் உள்ள தழும்புதான் அதன் அங்க அடையாளம். எனவே வானத்தில் மேகம் வேண்டுமானால் டிரைப்பைப் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். மாற்றாத மூலப்படம் ஒன்றை, ஊர், கோயில், தேதி எழுதித் தனியே வையுங்கள்.