வாயில் இருக்கும் வரலாறு

ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூரில், பேண்டு செட்டைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் எண்ணூறு ரூபாய்க்குப் பழைய கிளாரினெட் ஒன்று வாங்கினேன். உடம்பு வெடித்திருந்தது, சாவிகள் ஆட்டம். "குழலு ஒண்ணுத்துக்கும் ஆவாது சார், வாய் மட்டும் எங்க தாத்தா வச்சிருந்தது" என்றார்.

மவுத்பீஸைத் துணியால் தேய்த்தேன். கந்தக வாசனை. ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுக்கிய எபோனைட். வெளிச்சம் பட்டுப்பட்டுக் கறுப்பு பழுப்பாகியிருந்தது. மேற்புறம் இரண்டு பல் தடக் குழிகள்.

எழுதப்பட்ட வரலாற்றில் இந்தப் பற்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சதிரில் முகவீணையின் இடத்துக்கு கிளாரினெட்டைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பார்கள். சதிர் பரதநாட்டியமாகிச் சபாவுக்குப் போனது. பொட்டுக்கட்டுதலை 1947இல் சட்டம் தடுத்தது. நட்டுவனார் பக்கத்தில் நின்ற கிளாரினெட் மெல்லக் கழன்றது, புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது. ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினார், 2022இல் பத்மஸ்ரீ. அதே கருவி கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் ஊதிக்கொண்டிருந்தது. மேடையில் அது கலை, தெருவில் வெறும் சத்தம். இந்தப் பிரிவினை காதில் இல்லை, சாதியில் இருக்கிறது.

விளிம்பை எழுதுகிறேன் என்ற தோரணையில் தாத்தா பேரைக் கேட்டேன். சொன்னார். உடனே, "எழுதிடாதீங்க சார். பேர எழுதினா, எந்தெந்தச் சாவுக்கு ஊதினாருன்னும் எழுதுவீங்க. எம்பொண்ணு காலேஜ் படிக்குது" என்றார்.

எழுதவில்லை. ரீடு வைத்து ஊதிப் பார்த்தேன். என் பற்கள் அந்தக் குழிகளில் சரியாகப் பொருந்தவில்லை.