சதுப்பு நிலத்துச் சிரிப்பு: வால்ட் கெல்லியின் 'போகோ'

காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தை அப்பாவிடம் தள்ளிவிட்டு, உள்பக்கத்துப் படக்கதைக்குப் பாய்ந்த தலைமுறை நம்முடையது. "நாலு கட்டம், ஒரு சிரிப்பு, இதுக்கா இத்தனை அவசரம்?" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். அந்த நாலு கட்டத்தைக் கண்டு பத்திரிகை ஆசிரியர்களே பயந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெளிவந்த 'போகோ' என்ற சித்திரத் தொடரின் வரலாறு அது.

அதை வரைந்தவர் வால்ட் கெல்லி. 1913-இல் பிலடெல்பியாவில் பிறந்து, பிரிட்ஜ்போர்ட் என்னும் தொழிற்சாலை நகரில் வளர்ந்தவர். 1936-இல் டிஸ்னி நிறுவனத்தில் சேர்ந்து, 1941-இல் விலகினார். பிறகு சிறுவர் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மிருகங்களை வரைந்துகொண்டிருந்தார். 1948-இல் 'நியூயார்க் ஸ்டார்' நாளிதழில் அரசியல் கார்ட்டூன் போடும் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி அதே பத்திரிகையில் 'போகோ' தொடங்கியது. நான்கு மாதம் ஆவதற்குள் பத்திரிகை மூடப்பட்டது, போகோ பிழைத்துக்கொண்டது! 1949 மே மாதம் முதல் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கும் விநியோகமாகி, நாடெங்கும் பரவியது.

கதை நடக்கும் இடம் ஜார்ஜியா மாநிலத்து ஒகெஃபெனோக்கி சதுப்பு நிலம். உண்மையிலேயே இருக்கும் இடம்தான். ஊர் என்று சொல்ல வீதியோ கடைத்தெருவோ கிடையாது. ஆனால் ஒரு சிற்றூரில் இருக்க வேண்டிய அத்தனை பேரும் உண்டு. போகோ, வயிற்றில் பையுள்ள ஒப்போசம் என்னும் சிறு பிராணி, வம்புதும்பு இல்லாதவன். அவன் சிநேகிதன் ஆல்பர்ட், சுருட்டு பிடிக்கும் முதலை. எல்லாம் தெரிந்தமாதிரி பேசும் ஆந்தை, 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் நடுங்கும் ஆமை, எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் மனசு நல்ல முள்ளம்பன்றி. நம்மூர்த் திண்ணையில் இவர்களில் பாதிப் பேரையாவது நாம் பார்த்திருக்கிறோம், இல்லையா?

இன்னொரு நயம், எழுத்துரு. உபதேசம் செய்யும் டீக்கன் மஷ்ராட் பேசினால், பழைய பைபிள் அச்சைப் போன்ற கொம்பும் வளைவுமான எழுத்தில் வரும். பி.டி. பிரிட்ஜ்போர்ட் என்ற கரடி வாய் திறந்தால் சர்க்கஸ் நோட்டீஸ் எழுத்து. வாசகன் கண்ணாலேயே குரலைக் கேட்டுவிடுவான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1950 பிப்ரவரியில் ஜோசப் மெக்கார்த்தி என்ற செனட்டர், அரசாங்கத்துக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டதாக முழங்கினார். அந்தக் காலத்து வேட்டையில் சந்தேகத்தின் பேரிலேயே பலர் வேலை இழந்தார்கள். வாயைத் திறக்கப் பலரும் தயங்கிய நேரம். 1953 மே மாதம் கெல்லியின் சதுப்பு நிலத்துக்குள் ஒரு காட்டுப்பூனை நுழைந்தது. பெயர் சிம்பிள் ஜே. மலார்க்கி. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'மலார்க்கி' என்றால் வெறும் பம்மாத்து. முகமோ அச்சு அசல் மெக்கார்த்தி!

சிரிப்புப் பக்கத்தில் அரசியலா என்று சில ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகர நாளிதழ் ஒன்று, மலார்க்கியின் முகம் இன்னொரு தடவை வந்தால் தொடரையே நிறுத்திவிடுவதாக எச்சரித்தது. கெல்லி சண்டைக்குப் போகவில்லை, பணியவும் இல்லை. கதைக்குள் பிராவிடன்ஸிலிருந்து ஒரு பெட்டைக்கோழி வருகிறாள். உடனே மலார்க்கி தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொள்கிறான். பிராவிடன்ஸ்காரர் யாரும் தன் முகத்தைப் பார்க்கக் கூடாதாம்! நிபந்தனைப்படி முகம் வரவில்லை. ஆனால் அந்தப் பை, கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரின் முகமூடியை நினைவூட்டியது. 1954 டிசம்பர் 2-ஆம் தேதி செனட் சபையே 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. அதைப் படக்கதை சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்பே பயப்படாமல் சிரிக்க மக்களுக்கு ஓர் இடம் கொடுத்தது.

பிறகும் கெல்லி சும்மா இருக்கவில்லை. 1962-இல் குருஷ்சேவ் பன்றியாகவும் காஸ்ட்ரோ ஆடாகவும் வந்தார்கள். பயந்த ஆசிரியர்களுக்காக 1960களில் ஒரு வழி செய்தார்: காரமான தொடர் வரும் நாட்களுக்கு, முயல்குட்டிகளை வைத்துச் சாதுவான மாற்றுத் தொடர் ஒன்றையும் வரைந்து அனுப்புவார். கூடவே வாசகர்களுக்கு ஒரு ரகசியமும் சொல்லிவைத்தார். உங்கள் பேப்பரில் முயல்குட்டி துள்ளினால், நீங்களாகச் சிந்திப்பீர்கள் என்று உங்கள் ஆசிரியர் நம்பவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்!

1970-இல் முதல் பூமி தினத்துக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் போகோ குப்பை நிறைந்த காட்டைப் பார்த்து நிற்கிறான். நமக்கு எதிரி நாமேதான் என்பது அதன் சாரம். அதுவரை தலைவர்களைக் கேலி செய்த பேனா, அன்று வாசகன் பக்கம் திரும்பியது.

கெல்லி 1973-இல் காலமானார். குடும்பத்தார் தொடர்ந்து நடத்திய 'போகோ' 1975 ஜூலையில் நின்றது. 1989-இல் வேறு கைகள் அதற்கு உயிரூட்டிப் பார்த்தும் சில ஆண்டுகளே நீடித்தது.

1948, 1975 என்ற இந்த இரண்டு ஆண்டுகளும் தில்லிவாழ் நமக்கு வேறொன்றை நினைவூட்டும். பிள்ளைகளை நாம் கூட்டிப்போகும் பொம்மை அருங்காட்சியகத்தை நிறுவினாரே, அந்தக் கார்ட்டூனிஸ்ட் சங்கர், அவருடைய 'சங்கர்ஸ் வீக்லி' இந்தத் தலைநகரில் பிறந்ததும் 1948-இல்தான். அவசர நிலையின்போது, 1975 ஆகஸ்டில் அது நின்றது. இங்கே சிரிப்புக்கு மேல் அரசின் தணிக்கை வந்து உட்கார்ந்தது. கெல்லிக்கு அரசாங்கத் தடை எதுவும் வரவில்லை. அவர் சமாளிக்க வேண்டியிருந்தது சொந்தப் பத்திரிகைகளின் பயத்தை.

பஞ்சதந்திரத்துச் சிங்கமும் நரியும் யாரைக் குறிக்கின்றன என்று பாட்டி நமக்குச் சொன்னதில்லை. நாமே கண்டுபிடித்தோம். மிருகத்தைப் பேசவைக்கும் கலைஞன் வாசகனின் புத்தியை நம்புகிறான். அந்த நம்பிக்கையை நம் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். அவர்கள் படக்கதையில் மூழ்கியிருந்தால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பூனை யாரு, சொல்லு பார்ப்போம்?" என்று கேளுங்கள்.