வயலினும் வானமும்

1781-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் பாத் நகரிலே, தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று, தன் கையாலேயே தேய்த்துச் செய்த தொலைநோக்கி வழியே வானைத் துருவிக்கொண்டிருந்தார் ஒருவர். விண்மீன் போலன்றிச் சிறு வட்டாக ஒன்று தெரிந்தது. வால்மீன் என்றுதான் முதலில் எண்ணினார். கணக்கறிந்தோர் அதன் பாதையை ஆராய்ந்தனர். சனிக்கும் அப்பால் கதிரவனைச் சுற்றிவரும் கோள் அது என்று தெளிந்தனர். யுரேனஸ்! எந்த முனிவரின் ஞானக்கண்ணிலும் படாத கோள்! ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு நம் வீட்டுத் திருமணங்களுக்கு நாள் குறித்துத் தந்தவர்களிடம், இதைச் சேர்க்காமல் எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டால் சினம் கொள்வர், கேட்காது விடுவோம்.

கண்டவர் யார்? பல்கலைக்கழகப் பேராசிரியரா? அல்லர். அரண்மனை வானியலாரா? அன்று அதுவும் அல்லர். அந்நாளில் வில்லியம் ஹெர்ஷலின் பிழைப்பு இசை! மாதாகோயிலில் ஆர்கன் வாசித்தார், கச்சேரிகளை நடத்தினார், வீடு வீடாகச் சென்று பாட்டும் வாத்தியமும் கற்பித்தார். அறிவியல் நூல்கள் இதனை ஒரே வரியில் சொல்லித் தாண்டிவிடுகின்றன. அந்த ஒரு வரியில் ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்பதைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

1738-இல் ஹானோவரில் பிறந்தார். தந்தை படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓபோ ஊதியவர். சீவாளி வைத்து ஊதும் கருவி அது. நம் நாதசுரத்துக்கு உறவு என்று சொல்லலாம். மகனும் சிறு வயதிலேயே அக்குழுவில் சேர்ந்தார். போர் மூண்டது, 1757-இல், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். லண்டனில் இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பிறகு டர்ஹாம், நியூகாசில், லீட்ஸ், ஹாலிபாக்ஸ் என்று ஊர் ஊராக வாழ்க்கை. குதிரையேறிச் சென்று வாசித்த நாடோடிக் கலைஞனின் வாழ்க்கை அது. ஆயினும் அந்த அலைச்சலுக்கிடையேதான் சிம்பொனிகளில் பெரும்பாலானவற்றை அவர் எழுதினார். மொத்தம் இருபத்து நான்கு! அவையன்றி ஓபோவுக்கும், வயலினுக்கும், ஆர்கனுக்கும் கான்செர்டோக்கள், கோயில் பாடல்கள். மொசார்ட்டின் சிகரத்தை அவர் தொட்டார் என்று நாம் பொய் புகலமாட்டோம். தொழில் தெரிந்தவன் எழுதிய, துடிப்புள்ள, செவ்விய இசை. 1761-இல் எழுதிய எட்டாம் சிம்பொனி அதற்குச் சான்று.

இசை வேறு, வானியல் வேறு, ஒன்றை உதறி மற்றொன்றைப் பிடித்தார் என்று சிலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. சுரங்களின் இயைபுக்கு அடிப்படையான கணக்கை அறிய, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் ஸ்மித்தின் இசையியல் நூலை அவர் கற்றார். அந்தச் சுவை, அதே ஆசிரியர் எழுதிய ஒளியியல் நூலைத் தேட வைத்தது. தொலைநோக்கி செய்யும் முறை அதிலே இருந்தது! 1773-இல் உலோகத்தை வார்த்துக் குழியாடி தேய்க்கத் தொடங்கினார். அதற்குப் பணம் தந்தது எது? மாணவர்கள் கொடுத்த கட்டணமும் கச்சேரி வருவாயும். வரவேற்பறையிலே தச்சர் குழாய் செய்தார். உடை மாற்றவும் பொறுக்காமல் பட்டறைக்குள் நுழைந்ததால் கச்சேரிச் சட்டையின் சரிகைக் கைநுனியில் உருகிய கீல் தெறித்தது. ஒருமுறை பதினாறு மணி நேரம் ஆடியைவிட்டுக் கையெடுக்காமல் தேய்த்தார். தங்கை உணவை வாயில் ஊட்டினார்.

அவர் நாத்திகர் அல்லர். கதிரவனிலும் உயிர்கள் வாழ்கின்றன என்றுகூடப் பின்னாளில் எழுதினார். புதிய கோளுக்கு மன்னன் ஜார்ஜின் பெயரைச் சூட்டப் பார்த்தார், உலகம் ஏற்கவில்லை. ஆனால், கண்டதைக் கண்டபடி குறித்தார். பிறர் சரிபார்க்க வழிவிட்டார். மன்னன் ஆண்டுக்கு 200 பவுன் அளித்தான். இசையால் கிடைத்ததைவிடக் குறைவுதான். எனினும் 1782-இல் இசைத்தொழிலை விட்டு பாத்திலிருந்து வெளியேறினார்.

ஊட்டிய தங்கையைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று. கரோலின் 1750-இல் பிறந்தார். பெண்ணுக்கு அடுப்படியும் தையலும் போதும் என்றார் தாய். தந்தையோ இடைக்கிடையே மறைவாக வயலின் கற்பித்தார். பாடகியாக்குகிறேன் என்று 1772-இல் அண்ணன் அழைத்து வந்தார். தங்கைக்குப் பதிலாக வேலைக்காரி வைத்துக்கொள்ளத் தாய்க்கு ஆண்டுப் பணம் கட்டி மீட்டு வந்தார் என்றால், அந்த வீட்டில் அப்பெண்ணின் நிலையை உணரலாம். 1778-இல் ஹாண்டலின் மெசையா இசைநிகழ்ச்சியில் முதன்மைப் பாடகியாக நின்றார்! பர்மிங்காமிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தாத மேடையில் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார்.

நான்கே ஆண்டில் அண்ணன் மேடையை விட்டுவிட்டார். தங்கையின் குரலும் அத்தோடு நின்றது. வானியல் உதவியாளாகத் தன்னைப் பழக்கப்போகிறார்கள் என்று பிறகுதான் அறிந்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அந்த வேலையிலும் அவர் சோடை போகவில்லை: எட்டு வால்மீன்களைக் கண்டார், 1787-இல் அரசிடம் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் பெற்றார். அண்ணன் எழுதிய சிம்பொனிகளில் ஆறினை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மொசார்ட் இசைக்குழு வாசித்து ஒலித்தட்டாக வெளியிட்டது. கரோலின் 97 வயது வரை வாழ்ந்து 1848-இல் மறைந்தார். மேடைப் பாடகியாக அவர் மீண்டும் நிற்கவே இல்லை.